மரீ முதல் கெவின் வரை: பிரெஞ்சுப் பெயர்கள் சொல்லும் கதை

2017 மே மாதம். பிரான்ஸின் மேற்கு முனையில், ப்ரத்தாஞ் பகுதியில் இருக்கும் கெம்பேர் நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஃபான்ஷ் என்று பெயர் வைத்தார்கள். ப்ரத்தோன் மொழியில் அந்தப் பெயரை எழுதும்போது ‘என்’ எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு நெளிகோடு வரும். அதைப் பதிவேட்டில் ஏற்க முடியாது என்றது அரசுத் தரப்பு. பெயர்களில் எந்தெந்த ஒலிக்குறிகள் வரலாம் என்று 2014-ல் வந்த சுற்றறிக்கை ஒன்று பட்டியல் போட்டிருக்கிறது. நெளிகோடு அதில் கிடையாது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இந்தக் குறியை அனுமதித்தால், நாட்டின் ஒற்றுமையையும் பிறப்பால் வேறுபாடு பார்க்காத சமத்துவத்தையும் காப்பதில் சட்டத்துக்கு உள்ள உறுதி குலைந்துவிடும் என்றார்கள்.

கைக்குழந்தையின் பெயரில் இருந்த ஒரு கோட்டுக்கு இவ்வளவு பெரிய வார்த்தைகள். அந்தப் பெயரின் பொருளைத் தெரிந்துகொண்டால் வேதனை இன்னும் கூடும். ஃபான்ஷ் என்பது ஃபிரான்சுவா என்ற பெயரின் ப்ரத்தோன் வடிவம். ஃபிரான்சுவா என்றால் ‘பிரெஞ்சுக்காரன்’.

2018 நவம்பரில் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஸ்பானிய மொழியிலிருந்து வந்து பிரெஞ்சு அகராதிகளிலேயே இடம்பிடித்துவிட்ட சொற்களில் அந்த நெளிகோடு இருப்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அரசுத் தரப்பின் மனுவைத் தள்ளியது. அதன் பிறகும் வேறு ஊர்களில் வேறு ஃபான்ஷ்களுக்காகப் பெற்றோர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பெயர்களுக்குப் பொருள் சொல்லும் கையேடுகள் பிரான்ஸில் ஏராளம். சோஃபி என்றால் ஞானம். இரேன் என்றால் அமைதி. ஃபிலிப் என்றால் குதிரைகளை நேசிப்பவன். க்ளோயே என்றால் இளந்தளிர். ஸோயே என்றால் உயிர். ஓரெலி என்றால் பொன்னிறத்தவள். எல்லாம் சரிதான். ஆனால், அகராதியை மட்டும் வைத்து வாசித்தால் பிரெஞ்சுப் பெயரில் பாதிகூடக் கைக்கு வராது. ஒரு பெயரைக் கேட்டவுடன், அந்த ஆள் எந்தப் பத்தாண்டில் பிறந்தவர், எந்தப் பக்கத்துக்காரர், வசதியான வீடா உழைப்பாளி வீடா என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் ஊகித்துவிடுவார்கள். பெயரை யார் வைக்கலாம், எதை வைக்கலாம் என்று பாதிரியார், அரசர், புரட்சிக்காரர், பதிவு அதிகாரி எல்லோரும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் போட்ட சண்டையின் தடம் அந்தப் பெயர்களில் படிந்திருக்கிறது. அந்தத் தடம்தான் அவற்றின் உண்மையான பொருள்.

ஈட்டி, கரடி, ஓநாய்

பிரான்ஸின் அரசர் வரிசையில் 18 பேர் லூயி என்று எண்ணிடப்பட்டவர்கள். அவர்களில் பதினேழாம் லூயி அரியணை ஏறாமலேயே சிறையில் இறந்த சிறுவன். இந்தப் பெயர் லத்தீனும் அல்ல, விவிலியமும் அல்ல. ரைன் நதிக் கரையிலிருந்து வந்த ஃபிராங்க் இனத்தாரின் ஜெர்மானிய மொழிப் பெயர். ‘லோத்’ என்றால் புகழ், ‘விக்’ என்றால் போர். போரில் புகழ் பெற்றவன். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ரேன்ஸ் நகரில் ஞானஸ்நானம் பெற்ற க்ளோவிஸ் மன்னனின் பெயரும் இதே பெயர்தான். காலப்போக்கில் முன்னெழுத்து தேய்ந்து லூயி ஆனது. அவன் மனைவி க்ளோதில்த் பெயரிலும் புகழும் போரும்தான்.

ஷார்ல் என்ற பெயரின் பயணம் இன்னும் சுவையானது. அதன் மூலச் சொல்லுக்கு ‘ஆடவன்’, ‘சுதந்திரக் குடிமகன்’ என்றுதான் பொருள். பிரபு என்ற பொருள்கூடக் கிடையாது. 800-ல் ரோமில் பேரரசனாக முடிசூடிய ஷார்லமாஞ் அந்தப் பெயரைத் தாங்கினார். அவருடைய புகழால், கிழக்கே ஸ்லாவிய மொழிகளில் ‘அரசன்’ என்பதற்கான சொல்லே அவர் பெயரிலிருந்து உருவானது. சாதாரண ஆளைக் குறித்த சொல், பக்கத்து மொழிகளுக்குப் போய் அரசனைக் குறித்தது.

இந்த வரிசைப் பெயர்கள் எல்லாவற்றிலும் காடும் களமும் மணக்கின்றன. ழெரார் என்றால் ஈட்டியில் வலியவன். பெர்னார் என்றால் கரடியின் உறுதி கொண்டவன். ரவூல் என்ற பெயரில் ஓநாயும், அர்னோ என்ற பெயரில் கழுகும் இருக்கின்றன. பெண்களும் விலக்கல்ல: மத்தில்த் என்றால் போரில் வலிமை மிக்கவள்.

ஃபிராங்க் இனத்தார் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் பேசிய மொழி தோற்றது. தோற்றவர்களின் லத்தீன்தான் பிறகு பிரெஞ்சாக வளர்ந்தது. பெயர்களில் மட்டும் வென்றவர்களின் மொழி நிலைத்தது. பாரிஸின் சேன் ழெர்மேன் மடத்துத் தலைவர் இர்மினோன் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்து நிலங்களுக்கு ஒரு பதிவேடு எழுதச் செய்தார். அதில் ஏர் பிடித்த குடியானவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவை ஜெர்மானியப் பெயர்கள். ஆள்பவரின் பெயரைக் குடிமக்கள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அன்றே வேர்விட்டுவிட்டது.

முடவன் என்ற பெயரை ஏன் விரும்பினார்கள்?

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் காற்று திசை மாறியது. ஈட்டியும் கரடியும் பின்வாங்க, ழான், பியேர், ழாக், மரீ, ழான் என்பதன் பெண்பாலான ழான்ன் என்று புனிதர்களின் பெயர்கள் ஊரெங்கும் பரவின. பெயரின் பொருள் என்ன என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எந்தப் புனிதர் பிள்ளையைக் காப்பார் என்பதே கேள்வி. ஞானப்பெற்றோரின் பெயரே பெரும்பாலும் பிள்ளைக்கு வந்தது. 1539-ல் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் பிறப்பித்த வில்லேர்-கொத்ரே ஆணை, ஞானஸ்நானங்களைக் கோயில்தோறும் பதிவுசெய்யச் சொன்னது. அன்றிலிருந்து பாதிரியாரின் பேனாவே பெயரின் காவல்.

க்ளோத் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் மோனேயின் பெயர், இசைமேதை தெபுஸ்ஸியின் பெயர். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘முடவன்’ என்று பொருள். முதலாம் ஃபிரான்சுவாவின் அரசி க்ளோத் கால் தாங்கித்தான் நடப்பார். அவர் பெயரில்தான் பிரான்ஸின் பச்சை ப்ளம் பழத்தை இன்றும் ‘ரேன் க்ளோத்’, அதாவது க்ளோத் அரசி என்று அழைக்கிறார்கள். அதேபோல செசீல் என்ற அழகான பெயரின் மூலத்துக்குக் ‘குருடு’ என்று பொருள். எந்தத் தாயும் அதை நினைத்து அந்தப் பெயரை ஒதுக்கவில்லை. செசீல் என்றால் இசையின் காவல் புனிதை. க்ளோத் என்றால் ழூரா மலையில் கோயில் கொண்ட ஆயர். அவ்வளவுதான் அவர்கள் அறிந்த பொருள்.

அந்த ஆயரின் பெயருக்காக ஜெனீவாவில் ஒரு நாவிதர் சிறைக்கே போனார். 1546-ல் அவர் தன் மகனுக்கு க்ளோத் என்று பெயரிட விரும்பினார். கால்வினின் சீர்திருத்தச் சபைக்குப் புனிதர் வழிபாடு ஆகாது. கோயிலில் போதகர் அவரைக் கேட்காமலே குழந்தைக்கு ஆபிரகாம் என்று பெயரிட்டார். தகப்பன் பிள்ளையைப் பறித்துக்கொண்டு, இவனுக்குப் பதினைந்து வயதானதும் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அந்த ஆண்டே விலக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று ஜெனீவாவில் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு நாவிதரின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல், பிரெஞ்சுச் சட்டம் போய்ச் சேர 400 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட இடத்தைத் தொட்டுவிட்டது.

பொருளை நினைத்தே வைத்த பெயர்களும் இல்லாமல் இல்லை. ரெனே என்றால் ‘மறுபடி பிறந்தவன்’. ஞானஸ்நானத்தில் கிடைக்கும் புதுப் பிறப்பைக் குறிக்கும். தத்துவ அறிஞர் தெக்கார்த்தின் பெயர் அது. தெசிரே என்றால் ‘விரும்பிப் பெற்றவன்’. தியதோன்னே என்றால் ‘கடவுள் கொடுத்தவன்’; பெற்றோருக்கு மணமாகி 23 ஆண்டுகள் கழித்து 1638-ல் பிறந்த பதினான்காம் லூயிக்கு இதுவே இரண்டாம் பெயர். பிறந்த நாளையே பெயராக்குவதும் உண்டு. கிறிஸ்துமஸில் பிறந்தால் நோயெல், ஈஸ்டரில் பஸ்கல், அனைத்துப் புனிதர் திருநாளில் தூஸேன். ஹெய்ட்டி அடிமைகளின் விடுதலைப் போரை நடத்திய தூஸேன் லூவெர்த்துயூர் பெயர் அந்தத் திருநாள்தான்.

இதையெல்லாம் படிக்கும் தமிழர் ஒருவருக்கு நம் ஊர்க் கத்தோலிக்கப் பெயர்கள் நினைவுக்கு வராமல் போகாது. பிரெஞ்சுக்காரர்கள் மறந்துவிட்ட பொருளைத் தமிழ்க் கிறிஸ்தவம் தேடிப்பிடித்து வைத்திருக்கிறது. போல் என்பதன் லத்தீன் மூலத்துக்குச் ‘சிறியவர்’ என்று பொருள். தமிழில் அவர் சின்னப்பர். எத்தியென் என்பது கிரேக்கத்தில் ‘மகுடம்’, தமிழில் முடியப்பர். ழான் என்பதன் எபிரேய மூலம் ‘கடவுள் அருளினார்’, தமிழில் அருளப்பர். லாஸார் என்பதற்கு ‘கடவுள் துணை செய்தார்’ என்று பொருள். 1745-ல் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைதான், 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். பெயர்த்து வைத்தவர்கள் யாராயினும், அவர்கள் செய்தது அரிய வேலை.

உருளைக்கிழங்குக்கு ஒரு நாள்

பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1792 செப்டம்பர் 20 அன்று பதிவேடு பாதிரியாரின் கையிலிருந்து நகராட்சியின் கைக்கு மாறியது. மறு ஆண்டு புதிய குடியரசு நாள்காட்டி வந்தது. கவிஞர் ஃபாப்ர் தெக்லாந்தின் அதன் நாட்களுக்குப் பெயர் சூட்டினார். ஒவ்வொரு நாளிலும் இருந்த புனிதரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் உருளைக்கிழங்கு, குங்குமப்பூ, குதிரை, கழுதை, ஏர் என்று உழவனின் உலகத்தை ஏற்றினார். பெற்றோர்கள் சிலர் ப்ரூட்டஸ் என்றும், மரா என்றும், விடுதலை என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்கள். ஃபிரான்சுவா-நொயெல் பபேஃப், ரோமானிய நிலச் சீர்திருத்தவாதியின் பெயரை எடுத்து கிராக்கஸ் பபேஃப் ஆனார். அரசருக்கோ பெயர் குறுகியது: 1793 ஜனவரியில் கொலைமேடை ஏறியபோது புரட்சியாளர்கள் அவரை வெறும் லூயி கபே என்றார்கள்.

அந்தக் குடியரசின் உருவமாக நின்றவளுக்கு மட்டும் யாரும் புதுப்பெயர் தேடவில்லை. மரியான். மரீயும் ஆன்னும் சேர்ந்த பெயர். அன்று கிராமத்து வீடுகளிலும் சமையலறைகளிலும் வேலை செய்த பெண்களிடம் சாதாரணமாக இருந்த பெயர். இன்றும் நகராட்சிக் கட்டடங்களில் அவள் சிலை இருக்கிறது. இந்த ஒரு பெயர்த் தேர்வுக்காகவே அந்தத் தலைமுறையை நான் மதிக்கிறேன்.

பிறகு வந்தது பூட்டு. 1803 ஏப்ரல் 1, பொனபார்த்தின் ஆட்சி. நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பழங்கால வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் தவிர வேறெதையும் பதிவு அதிகாரி ஏற்கக் கூடாது என்றது சட்டம். புரட்சிக் காலப் பெயர்களைத் துடைப்பது நோக்கம். விளைவு அதைவிடப் பெரிது: ஏறக்குறைய 190 ஆண்டுகள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அரசு கதவு திறந்துவிட்ட பெயர்களே கிடைத்தன.

நாள்காட்டி அன்றாட வாழ்வில் எப்படி ஊறியது என்பதை இன்றும் காணலாம். ஆண்டு முடிவில் அஞ்சல்காரர் வீடு வீடாக வந்து விற்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் பெயர் உண்டு. நவம்பர் 25 புனித கத்ரின் நாளில், 25 வயதாகியும் மணமாகாத பெண்கள் பச்சையும் மஞ்சளுமாகத் தொப்பி அணியும் வழக்கம் பாரிஸின் தையல் நிலையங்களில் இன்னும் இருக்கிறது. கடல் கடந்த குடியேற்ற நாடுகளிலோ, ஜூலை 14-ன் கட்டத்தில் அச்சாகியிருந்த ‘தேசிய விழா’ என்பதன் சுருக்கமே பெயரானது. அன்று பிறந்த பிள்ளைகள் சிலர் ‘ஃபெத்னாத்’ ஆனார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்காட்டிக்கு வெளியே பெயர் வைக்க அனுமதிக்காத ஆட்சி, அந்தக் கட்டத்தில் எதை அச்சடித்ததோ அதைத்தான் அந்தப் பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

புதுச்சேரியிலும் பிரெஞ்சுச் சட்டத்தின் கை பெயரைத் தொட்டது. ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று 1873-ல் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை பாரிஸ் வரை வழக்காடி வென்றார். 1881 ஆணையின்படி, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருபவர்கள், சந்ததிக்கும் தொடரும் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது ‘லாபோர்த்’. வாசற்கதவு என்று பொருள்.

சட்டப்படி பிறக்காத ஆறு பிள்ளைகள்

பூட்டு அதிகம் உறுத்தியது ஓரப் பகுதிகளில்தான். ப்ரத்தோன் மொழிப் பெயர்கள் அழகானவை: மயேல் என்றால் தலைவன்; க்வெனயெல் என்ற பெண்பெயரில் வெண்மையும் தயாளமும் சேர்ந்திருக்கின்றன; தாங்கி என்றால் நெருப்பு நாய், போர்வீரனுக்கான பட்டம். பாரிஸில் அச்சான நாள்காட்டியில் இவற்றுக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ப்ரத்தோன் குடும்பம் ஒன்று இந்தச் சட்டத்தோடு மல்லுக்கு நின்றது. பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் ஆறு பேருடைய ப்ரத்தோன் பெயர்களை அதிகாரிகள் பதிய மறுத்தார்கள். பெற்றோர் வேறு பெயர் தர மறுத்தார்கள். பதிவு இல்லை என்பதால் அந்த ஆறு பேருக்கும் அரசின் குடும்ப உதவித்தொகை இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் பிறக்கவே இல்லை. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1966-ல் அரசு வெளியிட்ட அறிவுறுத்தல் வட்டாரப் பெயர்களுக்கும் புராணப் பெயர்களுக்கும் செல்லப் பெயர்களுக்கும் இடம் கொடுத்தபோது, அதன் பின்னால் இப்படிப்பட்ட குடும்பங்களின் பிடிவாதம் இருந்தது.

தெற்கே வழி வேறாக இருந்தது. ப்ரொவான்ஸ் மொழிக் கவிஞர் ஃபிரெதெரிக் மிஸ்த்ரால் 1859-ல் வெளியிட்ட காவியத்தின் நாயகி மிரெய்யோ, பிரெஞ்சில் மிரேய். ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க ஞானத்தந்தையாக அவர் போனபோது, இப்படி ஒரு புனிதை இல்லையே என்று பாதிரியார் தயங்கினாராம். மிரியாம் என்ற விவிலியப் பெயரின் ப்ரொவான்ஸ் வடிவம்தான் இது என்று மிஸ்த்ரால் சொல்லிச் சமாளித்தார் என்பது பரவலாக வழங்கும் கதை. 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் மிரேய் நாடு முழுவதும் பரவிய பெயர்.

பெயரைத் தொட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதைப் பிரான்ஸ் மறுபக்கத்திலிருந்தும் அனுபவித்திருக்கிறது. 1940-ல் நாஜிகள் அல்ஸாஸை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டபோது, அங்கிருந்தவர்களின் பிரெஞ்சுப் பெயர்களை ஜெர்மன் பெயர்களாக மாற்றக் கட்டாயப்படுத்தினார்கள்.

1993 ஜனவரி 8 அன்று பூட்டு திறந்தது. அன்று வந்த சட்டப்படி பெற்றோர் விரும்பும் பெயரை வைக்கலாம். பதிவு அதிகாரி எழுதியே ஆக வேண்டும். பெயரால் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். முடிவு குடும்ப நல நீதிபதியுடையது. நீதிமன்றம் போன பெயர்கள் கொஞ்சமே. கார் நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் குடும்பப் பெயர் கொண்ட ஒரு தம்பதி, மகளுக்கு மெகான் என்று பெயரிட்டார்கள். ரெனோ மெகான் என்ற காரை வைத்துப் பிள்ளையைக் கேலிசெய்வார்கள் என்றது அரசுத் தரப்பு. 2000-ல் ரென் நீதிமன்றம் பெயர் நிற்கட்டும் என்றது. படக்கதைச் சிறுவனின் பெயரான தித்தேஃபை 2012-ல் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. வலான்சியென் நகரில் நுட்டெல்லா என்று பெயரிடப்பட்ட குழந்தையை நீதிபதி எல்லா ஆக்கினார். இந்தத் தீர்ப்புகளோடு எனக்குப் பிணக்கு இல்லை. சட்டம் நாட்டுக்காகப் பேசுவதை விட்டு, பிள்ளைக்காகப் பேசுகிறது.

கெவின் செய்த குற்றம் என்ன?

இன்ஸே எனப்படும் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 1900 முதல் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் ஒரு நூற்றாண்டு கண்முன் ஓடும். தொடக்கத்தில் மரீக்கு அருகில் வேறெந்தப் பெயரும் வர முடியாது; ஆண்களில் ழான் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் இழந்த ஏறத்தாழ 14 லட்சம் வீரர்களின் நினைவுக் கற்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. அவற்றில் மர்செல், கஸ்தோன், லெயோன், எமில் என்று ஒரு தலைமுறையே இருக்கிறது. மர்செல் என்ற பெயருக்குள் போர்க்கடவுள் மார்ஸ் இருக்கிறார். 1960-களில் நத்தாலி, 80-களில் ஓரெலி, எலோதி, பிறகு லெயா, எம்மா. இப்போது மறுபடியும் லூயிஸ், ழூல், லெயோன் என்று கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. இன்று முதலிடம் பிடிக்கும் பெயர்கூட நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அன்று ஒரே மரீயைப் பகிர்ந்துகொண்டவர்களின் பேத்திகளுக்கு ஆளுக்கொரு பெயர்.

இந்த அலைகள் எப்படி நகர்கின்றன என்பதை சமூகவியலாளர் ஃபிலிப் பெனார், புள்ளியியலாளர் கி தெப்லாங்க் இருவரும் 1986-ல் வெளியிட்ட நூல் விளக்கியது. புதுப் பெயரை முதலில் எடுப்பவர்கள் மேல்தட்டினர்; பிறகு நடுத்தர வர்க்கம்; பிறகு தொழிலாளர்கள்; கடைசியில் விவசாயிகள். அதற்குள் மேல்தட்டு வேறு பெயருக்குப் போயிருக்கும்.

இந்த ஏணியை உடைத்த பெயர் கெவின். ‘அழகிய பிறப்பு’ என்று பொருள்படும் பழைய ஐரிஷ் பெயர், ஒரு துறவியின் பெயர். 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் அதுதான். அமெரிக்கப் படங்களிலும் தொடர்களிலும் வந்த கெவின், டிலன், ஜோர்தான் ஆகிய பெயர்களை மேல்தட்டின் அனுமதிக்குக் காத்திராமல் உழைக்கும் வீடுகள் நேராக எடுத்துக்கொண்டன. புதிய சட்டம் வருமுன்பே, கட்டுப்பாடு தளர்ந்த காலத்திலேயே இது நடந்துவிட்டது. உடனே ஏளனம் தொடங்கியது. நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் கெவின் என்றால் முட்டாள், படிப்பு ஏறாதவன் என்றாகிவிட்டது. சமூகவியலாளர் பத்தீஸ்த் கூல்மோன், பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவில் எந்தப் பெயர்க்காரர்கள் எவ்வளவு பேர் உயர் தகுதி பெறுகிறார்கள் என்று வரைபடம் போட்டார். பழைய பெருங்குடிப் பெயர்கள் மேலே. கெவின்களும் ஜோர்தான்களும் கீழே. பெயர் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை, பெற்றோரின் கல்வியும் வசதியும்தான் இரண்டையும் தீர்மானிக்கின்றன என்று அவர் தெளிவாகவே விளக்கினார். ஏளனம் செய்பவர்கள் அந்த விளக்கத்தைப் படிப்பதில்லை. ஏழை வீட்டார் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பெயர் தேர்ந்தெடுத்ததுதான் உறுத்தல். கெவின் செய்த குற்றம் வேறெதுவும் இல்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். தீவிர வலதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர் 1928-ல் ப்ரத்தாஞ் மீனவர் வீட்டில் பிறந்த ழான்-மரீ லு பென். அவருக்குப் பின் தலைமையேற்ற மகள், பதிவேட்டில் மரியோன், வழக்கத்தில் மரீன். இன்று தலைவராக இருப்பவர் 1995-ல் பாரிஸ் புறநகரில் பிறந்த ஜோர்தான் பர்தெல்லா. பிரெஞ்சுத்தன்மையைப் பற்றி அதிகம் பேசும் கட்சியின் உச்சியிலேயே அமெரிக்கத் தொடர்கள் பரப்பிய பெயர் உட்கார்ந்திருக்கிறது.

ழான் எங்கும் போகவில்லை

2018 செப்டம்பரில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பதிவின்போது, எழுத்தாளர் எரிக் ஸெமூர் எதிரே அமர்ந்திருந்த ஹப்ஸாத்து ஸீ என்ற பெண்ணிடம், அவர் பெயர் பிரான்ஸுக்கே அவமதிப்பு என்றார். கொரின் என்று வைத்திருக்கலாம் என்றார். ஸீ பிரான்ஸில் பிறந்தவர், பெற்றோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். கொரின் என்பது பழங்காலக் கிரேக்கக் கவிதாயினி ஒருவரின் பெயர். அதைப் பிரான்ஸில் பிரபலமாக்கியது 1807-ல் மதாம் தெ ஸ்தால் எழுதிய நாவல். அதன் நாயகி பிரெஞ்சுக்காரி அல்ல, இத்தாலியில் வாழ்பவள். ‘தூய’ பிரெஞ்சுப் பெயர் என்று எடுத்துக்காட்டியதே இரண்டு நாடு கடந்து வந்த பெயர். பின்னர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஸெமூர், 1803 சட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றார்.

அந்தச் சட்டம் செய்ய நினைத்ததை மக்கள் தாங்களாகவே வேறு வழியில் செய்துகொண்டிருக்கிறார்கள். மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான இனெத் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேருக்கே தெளிவான அரபு-முஸ்லிம் பெயர் இருக்கிறது என்றது. மற்றவர்கள் ழான் என்றோ பியேர் என்றோ மாறிவிடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் பெயர்களைத் தேடினார்கள்: இனேஸ், சாரா, லீனா, யானிஸ். இனேஸ் என்பது ஆக்னேஸின் ஸ்பானிய வடிவம். யானிஸ் என்பது கிரேக்கத்தில் ழான். வட ஆப்பிரிக்கக் குடும்பங்களில் அந்தப் பெயர் செல்லமாகியிருக்கிறது. ப்ரத்தாஞில் யான் இருக்கிறது. வழக்கொழிந்து வருவதாகச் சிலர் வருந்தும் ழான், யாரும் ஆணையிடாமலே வேறு உச்சரிப்பில் வாழ்கிறது.

1803 சட்டம் திரும்பி வரக் கூடாது. 190 ஆண்டுகள் அது காத்தது பிரெஞ்சு மொழியையும் அல்ல, பிள்ளைகளையும் அல்ல; ஒரு பட்டியலை. ஆறு பிள்ளைகளைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திய பட்டியல் அது.

பிரான்ஸில் வாழும் நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இதுதான். குழந்தை பிறந்த 5 நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். முகிலன் என்றோ யாழினி என்றோ நீங்கள் சொல்லும் பெயரை அதிகாரி எழுத வேண்டும். வேறு பெயர் கொண்டு வா என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. லத்தீன் எழுத்தில்தான் பதிவார்கள் என்பதால், எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவுசெய்து எழுதி எடுத்துப் போங்கள்.